பூட்டு பத்திரமா இருந்துச்சு, பெட்டி தான் இல்ல

காலைல ஆறு மணிக்கு வண்டிகிட்ட போறேன், பிக்கப்போட பின் கதவு திறந்து தொங்கிட்டு இருக்கு. உள்ள எட்டிப் பாத்தா செயின் கிடக்கு, செயின்ல போட்ட பூட்டு பூட்டினபடியே இருக்கு, அந்தச் செயினுக்குள்ள நான் கோத்து விட்டிருந்த டூல் பாக்ஸோட கைப்பிடி கூட அப்படியே கிடக்கு. பாக்ஸ் மட்டும் இல்ல. கைப்பிடிய பாக்ஸோட சேத்துப் பிடிச்சிருந்த நாலு நட்டையும் ஸ்பேனர் போட்டு கழட்டிட்டு, பாக்ஸ பின் கதவு வழியா இழுத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. ஒரு இடத்துல கூட வெட்டின தடம் இல்ல, நெளிசல் இல்ல, கீறல் இல்ல.

நான் மரவேலை பாக்குறவன். அந்தப் பூட்டு நல்ல பூட்டு, தேடிப் பாத்து வாங்கினது, செயினும் மொத்தமான செயின். அத மாட்டின அன்னைக்கு என்கூட வேலை பாக்குற தம்பி கைப்பிடிய ஆட்டிப் பாத்துட்டு "அண்ணே, இந்த நட்டு வெளியதானே இருக்கு"ன்னு கேட்டான். நான் "பூட்டு இருக்குல்லடா"ன்னு சொல்லிட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிட்டேன். அவன் கேட்டது தான் சரியான கேள்வி. இந்தப் பதிவு முழுக்க அந்தக் கேள்வியப் பத்தி தான்: பூட்டு எதுல மாட்டியிருக்கு, அது எதுல மாட்டியிருக்கு, அது எதுல.

அன்னைக்கு போனது ரெண்டு பேட்டரி ட்ரில், ஒரு சர்குலர் சா, மரத்துல பள்ளம் எடுக்கிற ரூட்டர், சார்ஜர், பேட்டரிங்க எல்லாம். கூடவே ஒரு துணிச் சுருள்ல பன்னெண்டு உளியும் ஒரு பழைய இழைப்புளியும். மெஷினெல்லாம் மறுபடி வாங்கிடலாம், கஷ்டப்பட்டாவது வாங்கிடலாம். அந்த உளிங்க எனக்கு வேலை கத்துக்குடுத்த மேஸ்திரி கையில இருந்து வந்தது, வருஷக்கணக்கா தீட்டித் தீட்டி என் கைக்குப் பழகினது. எடுத்தவனுக்கு அது என்னன்னே தெரிஞ்சிருக்காது, ட்ரில் விக்கிற இடத்துல உளிய யாரும் கேக்கப் போறதில்ல, எங்கயாவது தூக்கிப் போட்டிருப்பான். அத நினைச்சா இப்பவும் வயித்த என்னமோ பண்ணுது. அந்த வாரம் முழுக்க வேலை நின்னுச்சு, பாதியில நின்ன கதவு வேலைக்கு வீட்டுக்காரங்ககிட்ட பதில் சொல்ல முடியல, தம்பிக்கு சம்பளம் குடுக்க கடன் வாங்கினேன். டூல் திருட்டுன்னு சொல்றப்ப வெளிய இருக்கிறவங்க பொருளோட மதிப்ப தான் கேக்குறாங்க. போறது அடுத்த நாள் வேலை.

அதுக்கப்புறம் தான் இத ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். முதல்ல என் மண்டையில ஏறினது, பூட்டுங்கிறது தடுக்கிற சாமான் இல்ல, நேரத்த வாங்கிக் குடுக்கிற சாமான். அமெரிக்காவுல அண்டர்ரைட்டர்ஸ் லேபரட்டரீஸ்னு சோதனை பண்ணி சான்றிதழ் குடுக்கிற அமைப்பு இருக்கு, அவங்க இரும்புப் பெட்டகத்துக்கு வைக்கிற ரேட்டிங்கே நிமிஷத்துல தான்: டிஎல்-15ன்னா கருவிய வச்சு கதவத் தாக்கினா 15 நிமிஷம் தாங்கும், டிஎல்-30ன்னா 30 நிமிஷம். பேங்க்ல வைக்கிற மாதிரி கனமான பெட்டகத்துக்கே நிமிஷக் கணக்கு தான்னா நம்ம பிக்கப் பெட்டுல, அதாவது பின்னாடி லோடு ஏத்துற தொட்டியில, இருக்கிற அலுமினியப் பெட்டிக்கு என்ன கணக்கு வரும்? லண்டன்ல பிராமா கம்பெனி ஒரு பூட்ட கடை ஜன்னல்ல வச்சு இத திறக்கிறவங்களுக்கு 200 கினி (அந்தக் காலத்து இங்கிலாந்து காசு) பரிசுன்னு போட்டு அறுபது வருஷம் யாராலயும் முடியாம இருந்துச்சு, 1851ல ஹாப்ஸ்னு ஒரு அமெரிக்கர் வந்து 16 நாள்ல மொத்தம் 51 மணி நேரம் உக்காந்து திறந்துட்டாரு. ஆனா ராத்திரி தெருவுல நிக்கிற வண்டிகிட்ட யாரும் 51 மணி நேரம் நிக்க மாட்டான், அஞ்சு நிமிஷம் கூட நிக்கப் பயப்படுவான். அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள, சத்தம் இல்லாம, முடிக்க முடியாதபடி பண்ணிட்டா பாதி வேலை முடிஞ்சுது. எனக்கு அன்னைக்கு நடந்தது என்னன்னா, பூட்டு இருபது நிமிஷம் தாங்கும், ஆனா பூட்டு மாட்டின கைப்பிடி நாலு நிமிஷம் கூட தாங்காது, அவன் பூட்டத் தொடவே இல்ல.

பின் கதவுல இருந்து ஆரம்பிக்கிறேன், ஏன்னா நிறைய பேரு கோட்டை விடுறது அங்க தான். நிறைய பிக்கப்ல ரிமோட் அழுத்தினா முன் கதவுங்க மட்டும் தான் லாக் ஆகும், பின் கதவுக்கு தனிச் சாவி, சில மாடல்ல சாவி கூட கிடையாது, வெறும் கைப்பிடி தான். உங்க வண்டில ரிமோட் போட்டுட்டு பின்னாடி போய் ஒரு தடவை இழுத்துப் பாருங்க, இத எத்தனை பேரு பண்ணியிருப்பாங்கன்னு தெரியல, நான் வண்டி வாங்கி மூணு வருஷம் பண்ணல. பின் கதவுக்குன்னு தனியா மோட்டார் லாக் கிட் வருது, சென்ட்ரல் லாக் வயரோட சேத்துட்டா கதவுங்க பூட்டுறப்ப அதுவும் பூட்டிக்கும். சாவி போட்டு தனியா பூட்டுற மாதிரி இருந்தா ஒரு மழை நாள்ல, கை நிறைய சாமானோட, நம்ம மறந்துடுவோம், அதனால தானா பூட்டுறது தான் நல்லதுன்னு நான் சொல்லுவேன்.

இன்னொரு விஷயம், பின் கதவே திருடு போகுது. நிறைய மாடல்ல அந்தக் கதவ சும்மா தூக்கி எடுத்துட முடியும், கம்பெனியே அப்படித்தான் செஞ்சிருக்கான், நீளமான லோடு ஏத்துறப்ப கழட்டி வைக்கணும்ல. ரெண்டு பக்கக் கேபிளையும் அவுத்துட்டு கதவ பாதி சாய்ச்சு, ஏறக்குறைய 45 டிகிரில நிறுத்தினா ஒரு பக்கக் கீலோட பின்னு அதோட திறப்புக்கு நேரா வந்துடும், அந்தப் பக்கத்த மேல தூக்கி, மறுபக்கத்த அப்படியே உருவிடலாம். இப்ப வர்ற கதவுகள்ல ரிவர்ஸ் கேமரா, சென்சார்னு எல்லாம் இருக்கிறதால அதுக்கு கிராக்கி ஜாஸ்தி. இதுக்கு நான் பாத்ததுலயே ரொம்ப சிம்பிளான வைத்தியம் ஹோஸ் கிளிப், ரேடியேட்டர் ஹோஸ் மேல போட்டு ஸ்க்ரூ முடுக்குவோமே அது தான். தூக்கி எடுக்கிற பக்கத்துக் கீலைச் சுத்தி அத போட்டு முடுக்கிட்டா அந்தத் திறப்பு அடைஞ்சுடும், கதவு ஏறி இறங்கும் ஆனா தூக்க வராது. கிளிப்போட ஸ்க்ரூ தலைய உள் பக்கமா, கதவ மூடினா கைக்கு எட்டாத மாதிரி திருப்பி வைங்க. முடுக்கினதுக்கு அப்புறம் கதவ ரெண்டு மூணு தடவை இறக்கி ஏத்திப் பாருங்க, ரொம்ப இறுக்கிட்டா கதவு திணறும்.

அடுத்தது பெட்டி. இப்ப என் பெட்டி பெட்டோட தரையோட போல்ட் போட்டு நிக்குது, நட்டு எல்லாம் பெட்டிக்குள்ள, அதாவது பெட்டிய திறந்தா தான் நட்டையே தொட முடியும். கீழ இருந்து வர்ற போல்ட்டு தலை உருண்டையா, ஸ்பேனர் பிடிக்காத மாதிரி, கழுத்து சதுரமா இருக்கிற போல்ட்டு. வண்டித் தரைத் தகடு மெல்லிசு, அதுல நேரா போல்ட் போட்டா ஒரு கடப்பாரைய விட்டு நெம்பினா தகடு கிழிஞ்சு போல்ட்டு அப்படியே மேல வந்துடும், அதனால கீழ கனமான இரும்புப் பட்டை குடுத்து அதுல சதுர ஓட்டை போட்டு போல்ட்டோட கழுத்து அதுல உக்கார்ற மாதிரி பண்ணேன், அப்ப போல்ட்டும் சுத்தாது, இழுவை பட்டை முழுக்கப் பரவிடும். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்து பாத்துடுங்க, டீசல் டேங்க், பிரேக் பைப், வயரிங் எல்லாம் அங்க தான் ஓடுது. ஓட்டை ஓரத்துல பெயிண்ட் அடிங்க, இல்லனா திருடன் எடுக்காதத துரு எடுத்துடும். பெட்டே அலுமினியமா இருந்தா, உதாரணமா ஃபோர்டு எஃப்-150 2015 மாடல்ல இருந்து பாடி அலுமினியம் தான், இரும்புப் பட்டைய நேரா வச்சா தண்ணி பட்டு அந்த இடத்துல அலுமினியம் அரிச்சுடும், நடுவுல ரப்பரோ நைலானோ குடுத்து ரெண்டையும் தொடாம பிரிக்கணும்.

கேபினுக்குப் பின்னாடி பெட்டுக்குக் குறுக்கா உக்கார்ற பெட்டி நிறைய பேரு வச்சிருக்காங்க, அது சாதாரணமா பெட்டோட ஓரத்துக்கு அடியில கொக்கி போட்டு இழுத்துப் பிடிச்சிருக்கும், அந்தக் கொக்கியோட நட்டு பெட்டிக்குள்ள இருக்கா வெளிய இருக்கான்னு பாருங்க, வெளிய இருந்தா அது என் கைப்பிடி கதை தான். மூடியையும் பாக்கணும். பளபளன்னு செக்கர் பிளேட் போட்ட பெட்டி பாக்க கெட்டியா இருக்கும், நடுவுல ஒரே ஒரு கொண்டி, ஓரத்த நெம்பினா மூடி வாழை இலை மாதிரி வளையும், கைய விட்டு எடுத்துடலாம். மூடி முழு நீளத்துக்கும் கம்பி ஓடி ரெண்டு ஓரத்துலயும் மாட்டுற மாதிரி இருக்கிறது, மூடியோட விளிம்பு பெட்டிய மூடி கீழ இறங்கி நிக்கிறது, இந்த ரெண்டும் இருந்தா நெம்புற கம்பிக்கு வாய் கிடைக்காது. சில பெட்டிகள்ல வட்டமா குழாய் மாதிரி சாவி வரும், 2004ல அதே மாதிரி சாவி இருந்த ஒரு சைக்கிள் பூட்ட பால்பாயிண்ட் பேனாவோட பிளாஸ்டிக் குழாய வச்சே திறந்து காட்டி பெரிய பரபரப்பாச்சு, கம்பெனி மாத்திக் குடுக்க வேண்டியதாப் போச்சு. அதுக்கப்புறம் திருத்தினது இருக்கலாம், ஆனா மலிவான டூல் பாக்ஸ்ல வர்ற அந்த ரகத்த நான் நம்புறதில்ல.

வெளிப்பூட்டு போடுறதா இருந்தா வளையம் எவ்வளவு கம்மியா வெளிய தெரியுதோ அவ்வளவு நல்லது. வட்டமான டிஸ்க் பூட்டு, தோள் உயந்து வளையத்த மூடுற பூட்டு, இதுங்கள்ல கட்டர் வாய் உள்ள போகாது. ஐரோப்பாவுல தொங்கு பூட்டுக்கு இஎன் 12320ன்னு ஒரு தரம், 1ல இருந்து 6 வரைக்கும் கிரேடு, பூட்டு அட்டையில அது போட்டிருந்தா பாருங்க, எடை கனமா இருக்கேன்னு மட்டும் பாத்து வாங்காதீங்க. கொண்டி, நாதாங்கிய ஸ்க்ரூல முடுக்காதீங்க, மூடினதுக்கு அப்புறம் ஸ்க்ரூ தலை வெளிய தெரியுற கொண்டி கொண்டியே இல்ல.

பெட்டியில அடங்காத சாமான், ஜெனரேட்டர், கம்ப்ரசர், டேபிள் சா மாதிரி, அதுக்குத் தான் செயின். பிளாஸ்டிக் உறை போட்ட வயர் ரோப் மொத்தமா தெரியும், கேபிள் கட்டர்ல ஒரு நொடி. சாதாரண கால்வனைஸ் செயினும் போல்ட் கட்டருக்கு வெண்ணெய் தான். ஹார்டன் பண்ண, அதாவது சூடேத்தி கெட்டிப்படுத்தின செயின் வேணும், அது உண்மையா இல்லையான்னு தெரிஞ்சுக்க ஒரு அரம் போதும்: ஒரு கண்ணி மேல அரத்த வச்சு இழுங்க, கடிச்சு பொடி வந்தா சாதா இரும்பு, வழுக்கிட்டுப் போனா ஹார்டன் பண்ணது. செயின தரையில தொங்க விடாம பாத்துக்கணும், கட்டரோட ஒரு கைய தரையில ஊனி மேல ஏறி அழுத்தினா ஆளோட மொத்த எடையும் வெட்டுற வாய்க்கு வந்துடும், அந்தரத்துல இருந்தா ரெண்டு கை பலம் தான். அப்புறம் எதுல கோக்குறோம்? ஜெனரேட்டரோட கைப்பிடியில கோத்தா அது ரெண்டு போல்ட்ல கழண்டுடும், ஃபிரேம் கம்பி வளைஞ்சு, பற்றவச்சு வளையமா மூடின இடத்துல கோக்கணும். மறுமுனை? பெட்டோட ஓரத்துல கம்பெனி குடுத்த வளையம் லோடு கட்டத் தான், சில வண்டியில அது ஒரே ஒரு போல்ட்டுல நிக்குது. நான் பெட்டிக்குப் போட்ட அதே பட்டையோட ஒரு வளையத்த வெல்டிங் பண்ணி தரை வழியா மேல கொண்டு வந்துட்டேன்.

பேட்டரி கிரைண்டர் வந்ததுக்கு அப்புறம் எந்தச் செயினும் ஒரு ரெண்டு நிமிஷம் தான்னு சிலர் சொல்றாங்க, உண்மை தான், ஆனா அந்த ரெண்டு நிமிஷம் தீப்பொறியும் சத்தமும் தெருவையே எழுப்பும், ஸ்பேனர் யாரையும் எழுப்பாது. சத்தம் போட வைக்கிறதே ஒரு காவல்.

ஒண்ணு மட்டும் குழப்பிக்காதீங்க, லோடு நகராம இருக்கிறதுக்கு ராட்செட் பெல்ட், திருடு போகாம இருக்கிறதுக்கு செயின். பெல்ட்ட பிளேடு வெட்டும், செயின் தொய்ஞ்சு நிக்கும், லோட இறுக்கிப் பிடிக்காது. ரெண்டும் வேணும்.

பெட்டு மேல போடுற கவரப் பத்தி கேக்குறவங்க அதிகம். தார்ப்பாய், துணி மாதிரி சுருட்டுற கவர், இதெல்லாம் மறைக்கும், கத்திக்கு நிக்காது. ஆனா மறைக்கிறத நான் சின்ன விஷயமா நினைக்கல. 1979ல கோஹன், ஃபெல்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க எழுதினது, குற்றம் நடக்க மூணு ஒண்ணு சேரணும், பண்ணத் தயாரா ஒரு ஆளு, தோதான பொருள், பாத்துக்க ஆள் இல்லாத நேரம். மூணுல ஒண்ண உருவினா போதும். நடந்து போறவன் கண்ணுல ட்ரில் பாக்ஸோட கலர் பட்டாலே பொருள் தோதாயிடுது, அந்தக் கலர் தான் கம்பெனியோட விளம்பரமே. மடக்குற ஹார்டு கவர், அலுமினியப் பட்டை ஓடுற கவர் எல்லாம் நல்லது, நெம்ப நேரமாகும், ஆனா அது முழுக்கப் பின் கதவ நம்பி நிக்குது, பின் கதவு பூட்டலன்னா கவர் வெறும் கூரை தான், திருடனுக்கு நிழலும் குடுக்கும். அந்த வரிசையில தான் செலவு பண்ணணும்னு நான் நினைக்கிறேன்: முதல்ல பின் கதவு லாக், அப்புறம் பெட்டிய போல்ட் பண்றது, அப்புறம் கவர். நிறைய பேரு தலைகீழா போறாங்க, நானும் பூட்டுல தான் ஆரம்பிச்சேன்.

வண்டிய நிறுத்துற விதத்துக்கு காசே கிடையாது. பின் பக்கத்த சுவத்த ஒட்டி, ஒரு சாண் இடைவெளி விட்டு ரிவர்ஸ் எடுத்து நிறுத்தினா பின் கதவு இறங்காது. அப்ப கனமான சாமான நெஞ்சு உயரப் பக்கவாட்டுக்கு மேல தூக்கித் தான் இறக்கணும், ஒத்த ஆளால ஆகாது. வெளிச்சம் மட்டும் போதாது, அந்த வெளிச்சத்த பாக்கிற ஜன்னல் ஒண்ணாவது இருக்கணும். வேலை நடக்கிற இடத்துல பகல்லயும் போகுது, நம்ம மாடியில இருப்போம், வண்டி கீழ திறந்து கிடக்கும், கட்டிங் மெஷின் ஓடுற சத்தத்துல எதுவும் கேக்காது.

நம்பர் எழுதி வைங்க. ஒவ்வொரு மெஷினோட சீரியல் நம்பரையும் ஃபோட்டோ எடுத்து, பில்லோட சேத்து, ஃபோன தாண்டி வேற எங்கயாவதும் வைங்க. எனக்கு ஸ்டேஷன்ல கேட்ட முதல் கேள்வி அது தான், என்கிட்ட ரெண்டு மெஷினுக்குத் தான் நம்பர் இருந்துச்சு. நம்பர் இல்லாத ட்ரில் கிடைச்சாலும் அது என்னோடதுன்னு எப்படிச் சொல்ல முடியும்? மெஷின் உடம்புல பேர சூட்டுக்கோல்லயோ எங்ரேவர்லயோ ஆழமா எழுதுங்க, வித்தா விலை குறையும்னு யோசிக்காதீங்க, அவனுக்கும் குறையணும்ல. இன்சூரன்ஸ் பேப்பரையும் இன்னைக்கே எடுத்துப் படிங்க, வண்டிக்கு எடுத்த பாலிசி வண்டியில இருக்கிற டூல்ஸுக்கு பொருந்தாம இருக்கிறது சகஜம், டூல்ஸுக்குன்னு தனியா எடுத்தாலும் பூட்டை உடைச்ச அடையாளம் வேணும், ராத்திரி வண்டியில விட்டா கிடையாதுன்னு வரி இருக்கலாம். எனக்கு உடைச்ச அடையாளமே இல்லையே, நாலு நட்டு தானே.

ட்ராக்கர் போடலாம், நானும் போட்டிருக்கேன். ஆப்பிள் கம்பெனியோட ஏர்டேக்னு குட்டி ட்ராக்கர் 2021ல வந்ததுல இருந்து இது சுலபமாச்சு, ஆனா அதுக்கு சொந்தமா ஜிபிஎஸ் கிடையாது, பக்கத்துல போற ஐஃபோனுங்க அத ப்ளூடூத்ல கேட்டு இடத்த சொல்லும், மூடின இரும்புப் பெட்டிக்குள்ள போட்டா சிக்னல் மங்கிடும், அதனால மெஷினோட பிளாஸ்டிக் கேஸ்ல, நுரைக்கு அடியில வைக்கிறேன், பெட்டியோட போனா கேஸ்ச வெளிய எடுக்கிறப்பவாவது பேசும். யாரையும் பின்தொடர்ந்து தொல்லை பண்ணக்கூடாதுன்னு அதுல ஒரு பாதுகாப்பு இருக்கு, கூடவே நகர்ற ஃபோனுக்கு கொஞ்ச நேரத்துல எச்சரிக்கை போயிடும், எடுத்தவனுக்கும் தெரிஞ்சுடும். சிம் போட்ட ஜிபிஎஸ் ட்ராக்கர்ல அது கிடையாது, சார்ஜ் பாத்துக்கணும். இடம் தெரிஞ்சா போலீஸ்கிட்ட சொல்லுங்க, நேரா போய் கதவத் தட்டாதீங்க, தயவுசெஞ்சு. ஒரு ட்ரில்லுக்காக யாரும் அடிபட வேண்டாம்.

மறுபடி வாங்க முடியாதத பெட்டுல வைக்கிறதே இல்லன்னு இப்ப முடிவா இருக்கேன். புதுசா சேத்த உளிங்க சாயங்காலம் என்கூட வீட்டுக்குள்ள வந்துடும், பேட்டரிங்களும் வந்துடும், எப்படியும் சார்ஜ் போடணும்ல, பேட்டரி இல்லாத மெஷின விக்கிறதும் கஷ்டம். கிளம்புறப்ப தம்பி லிஸ்ட்ட வாசிப்பான், நான் ஒவ்வொண்ணா தொட்டு எண்ணுவேன்.

போன மாசம் ஒரு நாள் காலைல போறேன், பின் கதவு கைப்பிடியச் சுத்தி பெயிண்ட் கீறியிருக்கு, ஓரத்துல கம்பிய விட்டு நெம்பின பள்ளம், விரல் நுனி அளவு. கதவு மூடியே இருந்துச்சு. எனக்கு கை நடுங்கிடுச்சு, சாவிய போட முடியல. தம்பி வாங்கி திறந்து உள்ள குனிஞ்சு பாத்துட்டு "எல்லாம் இருக்குண்ணே"ன்னான். எனக்குத் தாங்கல, லிஸ்ட்ட வாசிக்கச் சொன்னேன். இருபத்தி ரெண்டு உருப்படி, ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன், இருந்துச்சு. நெம்பின இடத்துல துரு பிடிக்காம இருக்க கொஞ்சம் பெயிண்ட தடவிட்டு வேலைக்குக் கிளம்பிட்டோம்.